எழுதக் குனியும் நேரம்

தண்ணீர்மலை. காலை ஏழு இருபது.
குரங்குகளுக்குத் தீனி போடாதீர்கள் என்ற பலகைக்குக் கீழேயே
தீனி போட உட்கார்ந்திருக்கிறோம்,
கழுத்தில் அனுமதிக் கடிதம் தொங்க.
மெதுவோட்டக்காரர் ஒருவர் நின்று திட்டுகிறார்.
கடிதத்தைத் தூக்கிக் காட்டுகிறாள் ஹஃபீசா.
படிக்காமலே ஓடுகிறார்.

இரண்டு மஞ்சள் முக்காலி.
பக்கத்தில் ஆளுக்கொரு தட்டு. தட்டுக்கு ஆறு கடலை.
ஒருத்தி குரங்குகளைப் பார்த்தபடி,
ஒருத்தி முதுகைக் காட்டி.
எந்தத் தட்டில் கை விழுகிறது, எத்தனையாவது விநாடியில்:
இதுதான் வேலை.
பார்க்கப்படுகிறோம் என்று இவற்றுக்குத் தெரியுமா?
டாக்டர் லிம்முக்கு விடை வேண்டும்,
அக்டோபரில் மானியம் தீர்வதற்குள்.

பெயர் வைக்கக்கூடாது.
பெயர் வைத்தால் குணமும் வைத்துவிடுவோமாம்.
ஆகவே அவள் பெண் பதினேழு.
இடக்காதில் கிழிசல், வாலுக்கு நுனி கிடையாது.
(மனசுக்குள் வேறு பெயர் உண்டு.
அதை இங்கேயும் எழுத மாட்டேன்.)

மற்றதெல்லாம் ஹஃபீசாவின் முதுகைத் தேடிப் போயின,
பாடப்புத்தகத்தில் சொன்னபடி.
பதினேழு மட்டும் எனக்கு எதிரே வந்தாள்.
கண்ணைப் பார்க்கவில்லை.
கண்ணைப் பார்ப்பது அவர்கள் வழக்கில் சண்டைக்கு அழைப்பு.
என் வலக்கையைப் பார்த்தாள்.

9:04 வந்தாள் என்று எழுதி நிமிர்ந்தால்
தட்டில் ஐந்து.
ஐந்து என்று எழுதி நிமிர்ந்தால்
நான்கு.
அவள் அதே இடத்தில், அதே மடித்த காலோடு,
கன்னம் மட்டும் கொஞ்சம் உப்பி.
எடுத்தது யார்?
பார்த்ததைத்தான் எழுதுகிறேன்,
எழுதும்போது பார்க்கவில்லை.
அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டேன்.

ராத்திரி ஆயர் ஈத்தாம் வீட்டில் கணினியில் ஏற்றும்போது
கோட்டுக்குப் பதில் தொண்ணூற்றொன்பது என்று அடிக்க வேண்டும்.
தெரியாததற்கு எண் அதுதான்.
அவள் வரிசை முழுக்கத் தொண்ணூற்றொன்பது,
வகுப்பில் முதலாவதாக வந்தவள் மாதிரி.

கேமரா வைத்தோம்.
இரண்டாம் நாள் ஓர் இளம் ஆண்
அதை அங்சானா மரத்துக்குக் கொண்டுபோனது.
முப்பத்தொரு நிமிடம்: இலை, வானம்,
யாரோ ஒருவரின் பல்.

பிறகு ஏமாற்றிப் பார்த்தேன்.
மூடி கழற்றாத பேனாவைத் தாள்மேல் ஓட்டினேன்,
தலை குனிந்து, உதட்டைக் கடித்து,
அசல் எழுத்துபோலவே.
அவள் அசையவில்லை.
கொட்டாவி விட்டாள், நான்கு கோரைப்பல்லும் தெரிய.
மூடியைக் கழற்றி
பொய்யாக எழுதினேன், நம்பவில்லை என்று
மெய்யாக எழுதினேன்.
நிமிர்ந்தேன்.
ஒரு கடலை குறைந்திருந்தது.

டாக்டர் லிம் சிரித்தார்.
ஒரே ஒரு குரங்கென்றால் அது ஆய்வில்லை, கதை என்றார்.
சொல்லிக்கொண்டே
என் பெட்ரோல் கணக்கில் கையெழுத்திடக் குனிந்தார்.
அதன் அடியில்
போன மாதத்து டயர் ரசீதையும் செருகியிருந்தேன்.
இரண்டிலும் போட்டார்.
கதவைச் சாத்திவிட்டுப் படியிறங்கும்போதுதான் உறைத்தது:
நான் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை,
கையைத்தான்.

கடைசி நாள்.
பேனாவைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தேன்.
கைகளை முழங்காலில் வைத்தேன், உள்ளங்கை மேலாக.
பதினேழு கையைப் பார்த்தாள்.
பையைப் பார்த்தாள்.
பிறகு, முதல்முறையாக, இன்னும் மேலே.
இமைக்கும் நேரம்தான். பார்வையை நான்தான் தாழ்த்தினேன்.

அருவிப் பக்கமிருந்து ஈரக்காற்று.
எறும்பொன்று தட்டின் விளிம்பைச் சுற்றி
கிளம்பிய இடத்துக்கே வந்தது.
ஆறு கடலையும் ஆறாகவே இருந்தன,
பத்து நிமிடம்.

இந்தப் பத்து நிமிடத்துக்கு என்ன போடட்டும் என்றாள் ஹஃபீசா.
மழை என்று போடு என்றேன்.
வானம் வெளுத்துத்தான் கிடந்தது.

அவள் எழுதக் குனிந்தாள்.
தட்டின் பக்கம் நான் திரும்பவில்லை.